முதுகில் இரண்டு பாராசூட்: ஸ்கைடைவிங் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃபைனல் இயர் வந்தாச்சு. ப்ளேஸ்மென்ட் கிடைச்சதும், முதல் சம்பளம் வந்ததும் என்னென்ன பண்ணணும்னு நம்ம எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். புது பைக், லடாக், கோவா என்று போகும் அந்த லிஸ்ட்டில் இப்போது ஸ்கைடைவிங்கும் சேர்ந்துவிட்டது. ரீல்ஸில் பார்த்தால் ரொம்ப ஈஸியாகத்தான் தெரிகிறது. விமானக் கதவு திறக்கும், ஒருத்தர் கத்திக்கொண்டே குதிப்பார், பின்னணியில் பாட்டு ஓடும், கடைசியில் புல்தரையில் உட்கார்ந்து தம்ஸ்-அப் காட்டுவார்.

அந்த வீடியோவில் யாரும் கவனிக்காத ஒரு பொருள் இருக்கிறது. குதிக்கிறவரின் முதுகில் இருக்கும் பை. நாம் நாலு வருஷம் படித்த மெக்கானிக்ஸ், ஃப்ளூயிட்ஸ், ரிலையபிலிட்டி எல்லாமே அதற்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் தேவையில்லாத பயம் போய்விடும். எதற்கு உண்மையிலேயே பயப்படணும் என்பதும் தெரிந்துவிடும். ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

விமானத்திலிருந்து குதித்ததும் புவியீர்ப்பு உங்களைக் கீழே இழுக்கிறது. வேகம் கூடக்கூட காற்றுத் தடையும் கூடுகிறது, அதுவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. ஒரு கட்டத்தில் உங்கள் எடையும் காற்றுத் தடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. டெர்மினல் வெலாசிட்டி என்று ஃபர்ஸ்ட் இயரில் படித்தோமே, அதேதான்.

நம்பர் போட்டுப் பார்ப்போம். சாமான்களோடு சேர்த்து 80 கிலோ. 2 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒரு கனமீட்டருக்கு 1 கிலோ. வயிறு கீழே பார்க்க விழும் ஒருவருக்கு டிராக் கோஎஃபிஷியன்ட்டையும் பரப்பளவையும் பெருக்கினால் 0.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 × 80 × 9.8 என்பது 1568. அதை 0.5-ஆல் வகுத்தால் 3136. அதன் வர்க்கமூலம் 56. அதாவது நொடிக்கு 56 மீட்டர், மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். ஸ்கைடைவர்கள் அனுபவத்தில் சொல்லும் வேகமும் இதுதான்.

ஸ்கைடைவிங்கில் உயரத்தை அடியில்தான் சொல்வார்கள். மனசில் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான கணக்கு: முதல் 1,000 அடிக்கு 10 நொடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை நொடி. 10,000 அடியில் குதித்து 5,000 அடியில் பாராசூட்டைத் திறந்தால், ஃப்ரீஃபால் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. 13,000 அடி என்றால் 50 நொடி. பாராசூட் திறக்காமலே 2,500 அடிக்கு வந்துவிட்டால் தரைக்கு 14 நொடிதான் பாக்கி. இந்த 14 நொடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

பைக்குள் என்ன இருக்கிறது?

ஹார்னெஸும் கன்டெய்னரும் சேர்ந்ததுதான் அந்தப் பை. அதற்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். கீழே இருப்பது மெயின், மேலே இருப்பது ரிசர்வ்.

பாராசூட் என்றதும் நமக்கு வட்டக் குடைதான் ஞாபகம் வரும். இன்றைய ஸ்கைடைவிங் பாராசூட் குடையே இல்லை, அது துணியால் செய்த இறக்கை. 1960-களில் டொமினா ஜால்பெர்ட் என்பவர் கண்டுபிடித்த ராம்-ஏர் முறை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே தடுப்புகள், முன்பக்கம் மட்டும் திறப்பு. காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறியதும் அந்தத் துணி ஏரோஃபாயில் வடிவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இதை ஓட்ட முடிகிறது. மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போகும். இடது கயிற்றை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலப்பக்கம்.

திறக்கும் வரிசை இப்படி: பையின் அடியில் மடித்திருக்கும் பைலட் சூட் என்ற குட்டிப் பாராசூட்டைக் கையால் எடுத்துக் காற்றில் வீசணும். அது காற்றைப் பிடித்து ஒரு நாடாவை இழுக்கும். நாடா, கன்டெய்னரைப் பூட்டியிருக்கும் பின்னை உருவும். மெயின் தன் உறையோடு வெளியே வரும். கயிறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நீளும். கடைசியில்தான் துணி உறையை விட்டு வெளியே வந்து விரியும். இதில் எந்த இடத்திலும் மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. வேலை முழுவதையும் காற்றே செய்கிறது.

விரியும் அந்த மூன்று நொடி

நொடிக்கு 55 மீட்டரில் விழுகிறவர் திடீரென்று 5 மீட்டருக்குக் குறையணும். இது அரை நொடியில் நடந்தால் சராசரி வேகக்குறைப்பு கிட்டத்தட்ட 10 ஜி. உடம்பும் தாங்காது, துணியும் தாங்காது. அதுவே 3 நொடியில் நடந்தால் 2 ஜி-க்கும் குறைவு.

இந்த அரை நொடியை மூன்று நொடியாக்குவது ஸ்லைடர் என்ற ஒரு சின்னத் துணி. கைக்குட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல செவ்வகமாக இருக்கும், நாலு மூலையிலும் உலோக வளையம். பாராசூட்டின் கயிறுகள் நாலு கொத்தாகப் பிரிந்து அந்த வளையங்கள் வழியே போகும். மடிக்கும்போது ஸ்லைடரை மேலே, துணியை ஒட்டி வைப்பார்கள். பாராசூட் விரியப் பார்க்கும், ஆனால் காற்று ஸ்லைடரை மேல்நோக்கித் தள்ளிக் கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கும். கடைசியில் பாராசூட்தான் ஜெயிக்கும், ஸ்லைடர் மெதுவாகக் கீழே இறங்கிவிடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஒரு டேம்பரை டிசைன் பண்ண நாம் படும் பாட்டை, இங்கே ஒரு துண்டுத் துணி செய்துவிடுகிறது.

"விரியலைன்னா?"

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. விரிந்ததும் ஸ்கைடைவர் மேலே பார்த்து மூன்று விஷயம் சோதிப்பார். செவ்வகமாக விரிந்திருக்கிறதா? ஆடாமல் சுற்றாமல் பறக்கிறதா? இரண்டு கயிற்றையும் இழுத்தால் சொன்னபடி திரும்புகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சரி. கயிறு கொஞ்சம் முறுக்கியிருப்பது, ஸ்லைடர் பாதியில் நிற்பது மாதிரி சின்னச் சிக்கல்களைக் காலை உதைத்தோ கயிற்றை இழுத்தோ சரிசெய்யலாம். சரியாகவில்லை என்றால் மெயினைக் கழற்றி விட்டுவிட்டு ரிசர்வுக்குப் போகணும்.

ஏன் கழற்றணும்? ஏற்கெனவே சிக்கிய ஒன்று தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரிசர்வைத் திறந்தால், இரண்டும் பின்னிக்கொள்ளலாம். அதனால் முதலில் வலப்பக்க நெஞ்சில் இருக்கும் சிவப்புக் கைப்பிடி, அடுத்து இடப்பக்கம் இருக்கும் ரிசர்வ் கைப்பிடி. வரிசை மாறக் கூடாது. மாணவர்கள் இதைத் தரையிலேயே தொங்கும் ஹார்னெஸில் திரும்பத் திரும்பச் செய்வார்கள், யோசிக்காமலே கை போகும் வரைக்கும்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த மெக்கானிசம் வருகிறது. 1970-களில் பில் பூத் உருவாக்கிய த்ரீ-ரிங் ரிலீஸ். மெயின் பாராசூட்டோடு உங்களை இணைப்பது, ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் மூன்று உலோக வளையங்கள். பெரியது ஹார்னெஸில் இருக்கும், அதற்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது. சின்ன வளையத்தை ஒரு நூல் கண்ணி பிடித்திருக்கும், கண்ணியை ஒரு மெல்லிய கேபிள் பிடித்திருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல். உங்கள் முழு எடையும் சுழற்சியின் விசையும் பெரிய வளையத்தில் விழுந்தாலும், அடுத்தடுத்த வளையத்தில் விசை பல மடங்கு குறைந்து கடைசிக் கண்ணிக்குக் கொஞ்சமே வந்து சேரும். அதனால்தான் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒரு கைப்பிடியை இழுத்து விடுவித்துக்கொள்ள முடிகிறது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

கழற்றிவிட்டோம். பதற்றத்தில் ரிசர்வை இழுக்க மறந்துவிட்டால்? அதற்கு ஆர்.எஸ்.எல். என்ற நாடா. கழன்று போகும் மெயினே அந்த நாடா மூலம் ரிசர்வின் பின்னை உருவிவிட்டுப் போகும்.

சரி, எதையுமே இழுக்கவில்லை, மயக்கம் போட்டுவிட்டார் என்றால்? அதற்கு ஏ.ஏ.டி. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-ல் கொண்டுவந்த சைப்ரஸ்தான் இதில் பிரபலம். காற்றழுத்தத்தை அளந்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அது. அனுபவசாலிகளுக்கான மாடலில், சுமார் 750 அடிக்கு வந்தும் வேகம் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் இருந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் கண்ணியை ஒரு சின்ன பிளேடு வெட்டிவிடும். 750 அடி என்றால் தரைக்கு 4 நொடி! அதனால் ஏ.ஏ.டி. இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் குதிப்பதில்லை. மற்றதெல்லாம் தோற்ற பிறகு இருக்கும் கடைசி வாய்ப்பு அது.

அதற்கு முன்னாடியே முடிவெடுக்க ஓர் உயரம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. மாணவர்களுக்குச் சொல்வது 2,500 அடி. அதற்குள் மெயின் சரியாகவில்லை என்றால் யோசிக்காமல் கழற்று. மேலே பார்த்த 14 நொடிக் கணக்கு, ஒன்றுமே திறக்காதவருக்கானது. பாதி விரிந்த பாராசூட் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. "இன்னும் ஒருதடவை இழுத்துப் பார்ப்போமே" என்ற நினைப்புதான் ஆளைக் கொல்லும்.

ஆபத்து உண்மையில் எங்கே?

யு.எஸ்.பி.ஏ. கணக்குப்படி 2023-ல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன, இறந்தவர்கள் 10 பேர். 1961-ல் குதித்தவர்கள் சில ஆயிரம் பேர்தான், அப்போதே இறந்தவர்கள் 14. மேலே சொன்ன கருவிகளும் பயிற்சியும் செய்த மாற்றம் இது.

ஆனால் இறந்தவர்களில் பெரும்பங்கு "பாராசூட் விரியாதவர்கள்" இல்லை. பல வருஷங்களாக விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது, நன்றாக விரிந்த பாராசூட்டோடு தரையில் மோதியவர்கள். காரணம் தாழ்வான உயரத்தில் போட்ட திருப்பம்.

ஏன் என்று பாருங்கள். இறக்கை நேராக இருக்கும்போது அதன் தூக்குவிசை முழுக்க மேல்நோக்கி இருக்கும். திரும்பும்போது இறக்கை சாய்கிறது, தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் போகிறது, மேல்நோக்கிய பகுதி குறைகிறது. அதனால் திருப்பத்தில் பாராசூட் வேகமாகக் கீழே பாயும். அப்புறம் நேராக வர உயரம் தேவை. 1,000 அடியில் அது பிரச்சினையே இல்லை. 100 அடியில் ஒரு கம்பத்தைப் பார்த்து பயந்து சட்டென்று கயிற்றை இழுத்தால், நேராக வருவதற்குள் தரை வந்துவிடும்.

அதனால் தரையிறங்குவதற்கு விமானம் மாதிரியே ஒரு பாதை வைத்திருக்கிறார்கள். சுமார் 1,000 அடியில் காற்றோடு போவது, 600 அடியில் ஒரு திருப்பம், 300 அடியில் காற்றை எதிர்கொண்டு கடைசி நேர்ப்பாதை. அதற்குக் கீழே பெரிய திருப்பம் கிடையாது. காற்றுக்கு எதிரே ஏன் இறங்கணும்? பாராசூட் வேகம் 35, காற்று 15 என்றால், எதிரே இறங்கினால் தரை வேகம் 20. காற்றோடு இறங்கினால் 50. இயக்க ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல்! ஆனாலும், தாழ்வில் திரும்புவதா, காற்றோடு இறங்குவதா என்று வந்தால் திரும்பாமல் இறங்குவதே மேல். வேகமாக இறங்கினால் உருண்டு எழலாம்.

தரைக்கு 10, 12 அடி இருக்கும்போது இரண்டு கயிற்றையும் சமமாகக் கீழே இழுப்பதுதான் ஃப்ளேர். இறக்கையின் பின்விளிம்பு கீழே வளைந்து, முன்னோக்கிய வேகத்தைக் கொஞ்ச நேரத் தூக்குவிசையாக மாற்றும். சந்தேகமாக இருந்தால் காலைச் சேர்த்து வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள்பட்டையின் பின்பக்கம் என்று வரிசையாக உருளணும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

இன்னொன்று விங் லோடிங். 75 கிலோ ஆள், 12 கிலோ சாமான், மொத்தம் 87 கிலோ, அதாவது 192 பவுண்டு. 230 சதுர அடி பாராசூட் என்றால் சதுர அடிக்கு 0.83 பவுண்டு, புதியவருக்குச் சரியான அளவு. அதே ஆள் "ஸ்டைலா இருக்கு" என்று 120 சதுர அடிக்குப் போனால் 1.6. எல்லாமே வேகமாக நடக்கும், தப்பைத் திருத்த நேரம் இருக்காது. புது லைசென்ஸ் எடுத்தவனிடம் சூப்பர்பைக் கொடுப்பது மாதிரி.

டேண்டமா, தனியாகவா?

நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்யப்போவது டேண்டம். பயிற்றுநரின் முன்னால் உங்களை ஹார்னெஸில் மாட்டிவிடுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பை, பெரிய மெயின், பெரிய ரிசர்வ். இதில் ஒரு இன்ஜினியரிங் சிக்கல் உண்டு. எடை இரட்டிப்பாகிறது, ஆனால் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. வேகம் வர்க்கமூலம் 2 மடங்கு, அதாவது மணிக்கு 280 கிலோமீட்டர் பக்கம் போய்விடும். அதைத் தடுக்கத்தான் குதித்த சில நொடியிலேயே பயிற்றுநர் ட்ரோக் என்ற சின்னப் பாராசூட்டைப் பின்னால் விடுகிறார். வேகம் பழையபடி 200-க்கு வந்துவிடும். வீடியோவில் இவர்கள் தலைக்கு மேல் தெரியும் அந்தக் குட்டிக் குடை இதுதான்.

தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள ஏ.எஃப்.எஃப். என்ற பாடமுறை இருக்கிறது. ஆரம்பத்தில் பயிற்றுநர்கள் இருபக்கமும் பிடித்துக்கொண்டே விழுவார்கள், படிப்படியாக விடுவார்கள். யு.எஸ்.பி.ஏ.வின் முதல் லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேண்டும். நம் நாட்டில் ஹரியானாவின் நார்னால் பக்கம் டேண்டம் நடக்கிறது. முழுப் பயிற்சிக்குப் பலர் தாய்லாந்து, துபாய் என்று வெளியே போகிறார்கள். நம்மவர்கள் இதில் சாதிக்காமலும் இல்லை. ரேச்சல் தாமஸ் 2002-ல் வட துருவத்தில் குதித்தார். புனேவின் ஷீதல் மகாஜன் 2004-ல் தன் முதல் குதிப்பையே அங்கே செய்தார். இருவருக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ கிடைத்தது.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது?

டேண்டமில் உங்கள் வேலை ரொம்பக் குறைவு, ஆனால் அதைச் சரியாகச் செய்யணும்.

குதிக்கும்போது: இடுப்பை முன்னே தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து, காலைப் பின்பக்கம் மடக்கி, வில் மாதிரி வளையணும். ஷட்டில் காக் எப்படி அடித்தாலும் தலை கீழே வந்துவிடுகிறதே, அதே காரணம்தான். இடுப்பு கீழே, கைகால் மேலே இருந்தால் உடம்பு தானாகவே நிலைக்கு வரும். பயத்தில் குழந்தை மாதிரி சுருண்டுகொண்டால் உருள ஆரம்பித்துவிடும்.

விழும்போது: மூச்சை அடக்காதீர்கள், சாதாரணமாக விடுங்கள். பயிற்றுநரின் கையையோ எந்தக் கைப்பிடியையோ பிடிக்காதீர்கள்.

பாராசூட் விரிந்த பிறகு: காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். சளி, சைனஸ் இருக்கும்போது குதிக்கவே வேண்டாம். ஸ்கூபா டைவிங் பண்ணிய அன்றும் வேண்டாம், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

இறங்கும்போது: சொன்னதும் இரண்டு காலையும் நன்றாக முன்னால் தூக்குங்கள். டேண்டமில் கால் உடைவது பெரும்பாலும் காலைத் தொங்கவிட்டவர்களுக்குத்தான்.

காசு கட்டும் முன் கேளுங்கள்

1. பயிற்றுநரிடம் டேண்டம் ரேட்டிங் இருக்கிறதா, இப்போது செல்லுபடியாகிறதா? யு.எஸ்.பி.ஏ. விதிப்படி அதற்குக் குறைந்தது 500 குதிப்பும் 3 வருஷ அனுபவமும் வேண்டும்.

2. ரிசர்வைக் கடைசியாக யார், எப்போது மடித்தார்? மெயினை யாரும் பழகி மடிக்கலாம். ரிசர்வைச் சான்று பெற்ற ரிக்கர்தான் மடிக்கணும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து, பரிசோதித்து, திரும்ப மடிக்கணும். அந்தத் தேதி எழுதிய அட்டை பையிலேயே இருக்கும். காட்டச் சொல்லுங்கள்.

3. ஏ.ஏ.டி. இருக்கிறதா, ஆன் பண்ணியிருக்கிறதா, சர்வீஸ் தேதி தாண்டவில்லையே?

4. எடை வரம்பு என்ன? உங்கள் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தப் பையில் இருக்கும் ஒவ்வொரு தையலும் ஒரு எண்ணுக்காக டிசைன் செய்யப்பட்டது. ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை, தோள்பட்டை நழுவிய அனுபவம் எதுவானாலும் மறைக்காதீர்கள்.

5. காற்று அதிகமானால் என்ன செய்வீர்கள்? "நாளைக்கு வாங்க" என்று சொல்கிற இடம்தான் நல்ல இடம். தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்கு யு.எஸ்.பி.ஏ. வைத்திருக்கும் வரம்பு மணிக்கு 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர். ரயில் டிக்கெட் போட்டாச்சு, லீவு முடியுது என்று நீங்கள் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

6. இது உங்களுக்கான கேள்வி: போனையோ ஆக்ஷன் கேமராவையோ எடுத்துப் போகும் ஐடியா இருக்கிறதா? தயவுசெய்து வேண்டாம். விரியும் கயிறு கேமராவில் மாட்டினால், மேலே சொன்ன மூன்று நொடி எல்லாம் மாறிவிடும். கேமரா மாட்ட 200 குதிப்பாவது ஆகட்டும் என்பது யு.எஸ்.பி.ஏ.வின் பரிந்துரை. வீடியோ எடுக்க அவர்களிடமே பழகிய ஆள் இருப்பார்.

கேட்டால் கோபப்படுகிற இடமாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நல்ல ரிக்கர் ஒருவரிடம் அவர் மடித்த ரிசர்வைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகப் பேசுவார், நம்மிடம் ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டால் நாம் பேசுவது மாதிரி.

கடைசியாக ஒன்று. விமானக் கதவு வரைக்கும் போன பிறகும் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கூட வந்த நாலு பேர் கலாய்ப்பார்கள், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரம் ஸ்டிக்கர் ஓடும், அவ்வளவுதான். குதிப்பதென்றால் புரிந்துகொண்டு, கேட்டு, மனசார குதியுங்கள். போய்வந்தவர்கள் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். ரிசர்வ் மடித்த தேதியைக் கேட்டீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!